பெயரும் பந்தியும்: தென்னாற்காட்டுக் கிறிஸ்தவம் பற்றிச் சில குறிப்புகள்

காடாம்புலியூரிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் பாதை ஒன்றில், முந்திரித் தோப்பு முடிந்து பலா மரங்கள் தொடங்குகிற இடத்தில் குடியிருக்கும் பெரியவர் ஒருவருக்கு இரண்டு பெயர்கள். ஞானஸ்நானத்தில் இட்டது பைபிள் பெயர். பள்ளிக்கூட ரிஜிஸ்தரிலும், அதன் வழியாகச் சாதிச் சான்றிதழிலும், பிறகு பென்ஷன் புத்தகத்திலும் ஏறியது முருகன் பெயர்களில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஒருவராகவும் மற்ற ஆறு நாளும் இன்னொருவராகவும் இருந்து எழுபது வருஷத்தை ஓட்டிவிட்டார். ஊர்த்தெருவில் அவரை அழைக்க மூன்றாவதாக ஒரு சொல் இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. "அதுக்குக் கெஜட்டுல மாத்தல் கிடையாது தம்பி" என்றார்.

இந்த மூன்றாவது சொல்லைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். விசுவாசம் ஒருவனைப் புதிய மனிதனாக்குகிறது என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. உள்ளே நிகழ்வதாகச் சொல்லப்படும் அந்த மாற்றத்தைப் பரிசோதிக்க எனக்குக் கருவியும் இல்லை, உரிமையும் இல்லை. நான் கேட்பது வெளியே நிற்பவனின் கேள்வி. பழைய மனிதனைக் களைந்துபோடு என்ற கட்டளை இந்த ஜில்லாவில் யாரிடம் சொல்லப்பட்டது, யாரிடம் சொல்லப்படவில்லை?

பெயர் மாறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் மருணீக்கியாராகப் பிறந்தவர் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனரானார். அங்கிருந்து திருவதிகைக்குத் திரும்பி நாவுக்கரசரானார். சமணத்தில் கழிந்த காலத்தைத் தேவாரத்தில் அவரே திரும்பத் திரும்பச் சொல்லி நொந்துகொள்கிறார். ஆனால் அந்தப் பழசு அவரை வெளியிலிருந்து துரத்தவில்லை. அது அவருடைய சொந்த வருத்தம். அவர் நினைத்தால் பாடலாம், நினைத்தால் விடலாம். தெற்கே சிதம்பரத்தில் நந்தனின் கதை வேறு. சேக்கிழார் அவரை நெருப்பில் இறக்கிப் புதிய உடம்போடு எழுப்பித்தான் உள்ளே அனுப்புகிறார். வேளாளருக்குப் பெயர் மாறினால் போதும், பறையருக்கு உடம்பே மாறவேண்டும். பெரிய புராணத்தைப் பக்தி இலக்கியமாகப் படிப்பவர்கள் இந்த வித்தியாசத்தில் நிற்பதில்லை. கிறிஸ்தவம் இங்கு வந்து சேர்ந்தபோது இந்த ஏற்பாடு பல நூற்றாண்டுப் பழசு.

கடலூரில் 1717ல் சீகன்பால்கும் கிருண்ட்லரும் ஆங்கிலேயரின் அனுமதியோடு ஒரு தர்மப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதோடு தொடர்புகொண்டு வளர்ந்தவர் ஆறுமுகம் என்ற வேளாளப் பையன்; அடுத்த வருஷம் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பரில் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் சுதேசப் போதகர் கடலூர்க்காரர் என்பதில் நம் ஜில்லாவுக்குப் பெருமை இருக்கலாம். ஆனால் அதே காலத்தில் தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் சேவகர். கத்தோலிக்கப் பறையர் குடும்பம். அச்சில் வந்த தமிழ்ச் சுவிசேஷத்தைத் தாமே படித்து 1720களின் கடைசியில் லுத்தரன் சபைக்கு வந்து உபதேசியாரானார். அடி வாங்கினார், மிரட்டப்பட்டார், வேலையை விடவில்லை. 1771ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். ஆரோனுக்கு அடுத்த பட்டம் 1741ல் தியோகுவுக்குப் போயிற்று. ராஜநாயக்கனின் தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகமில்லை. அவர் கையால் நற்கருணை கொடுக்கப்பட்டால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களிடம் நற்கருணையின் மதிப்பே குறைந்துபோகும் என்பதுதான் அவர்கள் எழுதிவைத்த காரணம்.

இந்தக் காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ராஜநாயக்கன் தம் பழசைக் களைந்துவிட்டார் என்பதை மிஷனரிகள் ஒப்புக்கொள்கிறார்கள். தடையாக நிற்பது அவருடைய பழசு அல்ல, அப்பத்தை வாங்கிக்கொள்ள நீளவேண்டிய கையின் பழசு. அந்தக் கைக்குரியவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான், அவரும் புது மனிதர்தான். ஆனால் அவர் எதையும் களையவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று ராஜநாயக்கனைத்தான் நாற்பது வருஷத்துக்கு மேல் காக்கவைத்தார்கள்.

கத்தோலிக்கப் பக்கமும் சொல்லவேண்டும். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறையர் ஒருபுறமும் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் மறுபுறமுமாகப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745ல் பறையர்கள் திரண்டு வந்து குருவிடம் நியாயம் கேட்க, சுவர் இடிக்கப்பட்டது. அதையடுத்துச் சாதிக் கிறிஸ்தவர்களிடையே எழுந்த சலசலப்பையும் சேர்த்து ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வைஷ்ணவரான அவருக்கு இது அடுத்த வீட்டுச் சண்டை. அதனாலேயே பதிவு தெளிவாக இருக்கிறது. சுவரை இடித்தது குருவின் தாராளம் என்றே பின்னால் சொல்லிப் பழகிவிட்டார்கள். நாட்குறிப்பில் முதலில் வருவது, கேள்வி கேட்டுப் போனவர்களின் கால்கள்.

19ஆம் நூற்றாண்டில் விவகாரம் சிக்கலாகிறது. தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார், சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு, பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர், 1829ல் புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதத் தொடங்குகிறார். அவருடைய குற்றச்சாட்டுகள் நான்கு. வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். சாதிகளை ஒன்றாக்கச் சொல்கிறார்கள். கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனையை நிறுத்துகிறார்கள். இலக்கியக்காரர்களாகிய நாம் மூன்றாவதிலும் நான்காவதிலும் சாஸ்திரியார் பக்கம் நிற்போம். பூவும் பாட்டும் போனால் தமிழ்க் கிறிஸ்தவத்தில் மிஞ்சுவது என்ன என்று கேட்போம். இரண்டாவதில் நிற்க முடியாது. இந்த நான்கையும் ஒரே மூச்சில் ஒரே வகைக் கொடுமையாக அவரால் சொல்ல முடிந்தது என்பதுதான் முக்கியம். பூவும் கீர்த்தனையும் தனி பந்தியும் அவருக்கு ஒரே வாழ்க்கையின் அங்கங்கள். எதிர்ப்பக்கத்திலும் இதே குழப்பம்தான். புதிய மிஷனரி ஒரு கையால் தனிப் பாயைச் சுருட்டினார், மறு கையால் மல்லிகையைப் பிடுங்கினார். எதனால் எதை எடுக்கிறோம் என்ற பகுத்தறிவு அவருக்கும் இல்லை. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்ஸன் சாதியைச் சபையிலிருந்து அறவே விலக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது வேளாளக் குடும்பங்கள் பல முறைத்துக்கொண்டு நின்றன. சில வருஷங்களில் லைப்ஸிக் மிஷன் வந்து சேர்ந்ததும் அவற்றில் கணிசமானவை அங்கே போய் ஒண்டிக்கொண்டன. சாதி என்பது சமூக வழக்கம், அதைச் சட்டம் போட்டு ஒழிக்கக்கூடாது, விசுவாசம் வளர்ந்தால் தானே உதிரும் என்பது லைப்ஸிக்கின் நிலை.

இந்த நிலைக்குச் சித்தாந்தம் வகுத்தவர் கார்ல் கிரௌல். இவரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1849 முதல் 1853 வரை இந்தியாவில் இருந்தவர், தமிழை ஆழப் படித்தவர், 1856ல் திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்தவர். பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்று சொல்லும் குறளும் அவர் கையால்தான் ஜெர்மனுக்குப் போயிருக்கும். ஐரோப்பிய வழக்கங்களைத் தமிழர் தலையில் கட்டக்கூடாது என்று அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பண்பாட்டின் தனித்தன்மையை மதிக்கிறோம் என்று இன்று சொல்பவர்கள் பலர் கிரௌலின் பேரப்பிள்ளைகள். ஆனால் பண்பாடு என்று அவர் பார்த்தது யாருடைய திண்ணையிலிருந்து பார்த்தது? தமிழ் கற்றுக்கொடுத்தவர்களின் திண்ணையிலிருந்து. சேரியிலிருந்து பார்த்தால் சமூக வழக்கம் என்ற அந்தச் சாதுவான சொல் எப்படித் தெரியும் என்பதற்கு அவருடைய ஞானத்தில் இடமில்லை.

1850ல் சென்னை மிஷனரி மாநாடு வேறு முடிவுக்கு வந்தது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டவேண்டும். லைப்ஸிக் இதில் சேரவில்லை. அந்த மிஷனுக்குள்ளேயே மாநாட்டின் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் கார்ல் ஓக்ஸ். சாதியைக் கைவிடாதவனுக்குக் குருப்பட்டம் கொடுக்கக்கூடாது என்பது அவர் கட்சி. பல வருஷம் வாதாடிப் பயனில்லாமல் மிஷனிலிருந்து பிரிந்தார். 1860களின் தொடக்கத்தில் அவர் வந்து இறங்கிய இடம் மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் பாதையில் நெல்லிக்குப்பத்துக்கு முன்னால் வருகிற ஊர். நம் பெரியவர் வீட்டிலிருந்து ஒரு காலை நேரப் பயணம். அங்கே அவர் நிறுவிய குடியிருப்புக்குப் பெத்தானியா என்று பெயர். சில வருஷங்களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்துகொண்டது. 1873ல் ஓக்ஸ் இறந்தார். இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது.

ஓக்ஸைத் தூக்கிப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. கட்டாயமாக வைக்கும் சாப்பாட்டுச் சோதனை அவமானத்தைத் தரும், பாசாங்கையும் வளர்க்கும். மிஷனரி வீட்டில் ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுகினவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் அந்தச் சோதனையில் ஒரு சரியான திசை இருந்தது. களைந்துபோடு என்ற கட்டளை அங்கே முகவரி மாறிப் போயிற்று. பறையன் என்ற சொல்லைச் சுமந்தவனிடம் சொல்லப்பட்டு வந்தது, அந்தச் சொல்லைச் சொல்லி வந்தவனிடம் போய்ச் சேர்ந்தது. கௌரவமான பழசும் பழசுதான், அதையும் தொட்டியில் முக்கு என்றது. தமிழ்நாட்டில் அநேகமாக வேறெங்கும் அது முக்கப்படவில்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, இரட்சணிய யாத்திரிகம் எழுதிய கிருஷ்ண பிள்ளை, இவர்கள் பெயர்களைப் பாருங்கள். நம் இலக்கிய சரித்திரத்தின் பெரிய கிறிஸ்தவப் பெயர்களில் பிள்ளை நனையாமல் கரையேறியிருக்கிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. என் பெயருக்குப் பின்னாலும் தாத்தா காலம்வரை ஒரு வால் இருந்தது. அப்பா ஒரு நாள் வெட்டிவிட்டார். வெட்டியதால் எங்களுக்கு ஒரு செலவும் இல்லை, கொஞ்சம் நல்ல பெயர்கூடக் கிடைத்தது. முற்போக்கான குடும்பம் என்றார்கள்.

ஓக்ஸ் பட்டாம்பாக்கத்தில் இருந்த அதே வருஷங்களில், காடாம்புலியூரைத் தாண்டித் தெற்கே போகும் சாலையில், வடலூரில், 1867ல் ராமலிங்க அடிகள் ஒரு அடுப்பை மூட்டினார். சாதி கேளாமல் சோறு; அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. அதே 1860களின் தொடக்கத்தில்தான் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரக் கீர்த்தனையும் அச்சேறி, பண்ணையாரிடம் சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நிற்கும் நந்தனை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. ஒரு ஜெர்மானியர், ஒரு சைவத் துறவி, ஒரு பிராமணக் கீர்த்தனைக்காரர். ஒரே பத்தாண்டில், ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில், மூவர் முன்னாலும் ஒரே கேள்வி வந்து நின்றிருக்கிறது. மூன்றையும் சேர்த்து யோசிக்கும் பழக்கம் நமக்கு ஏற்படவில்லை. சபைச் சரித்திரத்தைச் சபைக்காரர் எழுதுகிறார்கள், வள்ளலாரைச் சன்மார்க்கத்தார் எழுதுகிறார்கள், நந்தனைச் சங்கீத விமர்சகர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு பஞ்சம். 1876 முதல் 1878 வரை. கஞ்சித் தொட்டிகளைச் சுற்றி ஞானஸ்நானங்கள் பெருகின. அப்படி வந்தவர்களுக்குச் சோற்றுக் கிறிஸ்தவன் என்ற புதிய முத்திரையும் சேர்ந்துகொண்டது. சாதி கொடுத்த முத்திரை போதாதென்று மனமாற்றமே ஒரு முத்திரையாயிற்று. பசித்தவன் சோறு போட்டவனின் கடவுளை நம்பினால் அந்த நம்பிக்கை பொய் என்று நிரூபிக்கிற தர்க்கம் எது? வயிறு நிறைந்தவர்களின் மதமாற்றத்துக்கு மட்டும்தான் ஆத்மார்த்தம் உண்டா? வெள்ளைக்காரன் உத்தியோகத்துக்காக உடை, மொழி, உணவு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவர்களை யாரும் சோற்று ஆங்கிலேயர் என்று அழைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் தன் பங்குக்கு வந்தது. 1950 ஆகஸ்டு 10ல் வெளியான ஜனாதிபதியின் ஆணை, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் என்ற வரியில் வருகிறார்கள். அந்த மாறிய என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். மாறியது கொள்ளுத் தாத்தா. கிறிஸ்தவனாகவே பிறந்து, கிறிஸ்தவனாகவே சாகப்போகிற கொள்ளுப் பேரனும் அந்தத் தாளில் மாறியவன்தான். சாதி போய்விட்டது என்று ஒரு சலுகையை மறுக்கும் அதே தாள், சாதியைச் சொல்லாமல் அவனைக் குறிப்பிடவும் முடியாமல் திணறுகிறது. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, தம்மைப் போன்ற இந்துத் தொழிலாளிக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டது ஏன் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். ஆதாரம் தேடிப் போகவேண்டிய தூரம் அதிகமில்லை. பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த எறையூரில், ஒரே மாதா கோயிலின் கீழ் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் வன்னியக் கிறிஸ்தவர்கள். எல்லாருக்கும் ஒரே ஜெபமாலை.

இந்த நெருக்கடியை நாவலாக்கியவர் ராஜ் கௌதமன். சிலுவைராஜ் சரித்திரத்தில் (2002) கத்தோலிக்கத் தலித்தாகப் பிறந்து படித்து வேலைக்காக அலைகிறவன், கடைசியில் ஒரு சான்றிதழுக்காக இந்துவாகிறான். அந்த நாவலைச் சிரித்துக்கொண்டே படித்துவிடலாம், அவ்வளவு எள்ளல். புத்தகத்தை மூடிய பிறகுதான் கனக்கிறது. நந்தன் கோயிலுக்குள் போக நெருப்பில் இறங்கினான். சிலுவைராஜ் ஆபீசுக்குள் போக ஒரு சடங்கில் இறங்குகிறான். 2024 நவம்பரில், நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதத்தில்தான் ராஜ் கௌதமன் காலமானார்.

ஆக, பழைய முத்திரையை மறப்பது இவர்களைப் பொறுத்தவரை நஷ்டக் கணக்கு. மறக்கச் சொல்லிச் சபை உபதேசித்தது, மறந்துவிட்டாய் என்று சர்க்கார் தண்டித்தது, இரண்டுக்கும் நடுவே ஊர் ஒரு நாளும் மறக்கவில்லை. அதனால் 1980களிலிருந்து ஒரு சாரார் வேறு வழியில் போனார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு தம்மைப் பரட்டை என்று அழைத்துக்கொண்டார். எண்ணெய் காணாத தலைக்கு ஊர் வைக்கும் பெயர் அது. ஏசுகிறவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கித் தம் பெயராக வைத்துக்கொண்டு, பறையும் தெம்மாங்குமாக ஆராதனைக்கு இசையமைத்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதையே இறையியலாகப் பேசினார். ஓக்ஸின் பந்திக்கும் இந்த உலைக்கும் உள்ள தூரம் கவனிக்கத்தக்கது. அங்கே மிஷனரி வீட்டு மேஜைக்கு அழைப்பு வந்தது, இங்கே உலை சேரியின் அடுப்பில் இருக்கிறது, வரவேண்டியவர் மற்றவர். சாஸ்திரியார் கவலைப்பட்ட தமிழ்ப் பாட்டும் ஓக்ஸ் வற்புறுத்திய சமபந்தியும் அப்பாவுவிடம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன என்பது இன்னொரு விசேஷம். 2005ல் இறந்த அவரைத் தமிழ் இலக்கிய உலகம் போதுமான அளவு கண்டுகொள்ளவில்லை. பாமாவின் கருக்கு (1992) கண்டுகொள்ளப்பட்டது. அதிலும் சாதி பேசப்பட்ட அளவுக்குத் துறவு மடத்திலிருந்து வெளியேறிய ஒரு பெண்ணின் விசுவாசம் என்ன ஆயிற்று என்பது பேசப்படவில்லை.

அமெரிக்காவில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியா மெதடிஸ்ட் கோயிலொன்றில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை இது உங்கள் இடமல்ல என்று எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். 1816ல் தனிச் சபை அமைத்தபோது அதன் பெயரிலேயே ஆப்பிரிக்கச் சபை என்று போட்டுக்கொண்டார்கள். எந்தச் சொல்லுக்காக எழுப்பினார்களோ அந்தச் சொல்லை வாசலில் எழுதிவைத்தார்கள். எறையூரில் தனிப் பங்கு கேட்டதைப் பிரிவினை என்று கண்டித்தவர்கள் இதையும் யோசிக்கலாம். ஒன்றாயிருப்பது என்பது பின்வரிசையில் இருப்பவன் மட்டும் காப்பாற்றவேண்டிய புண்ணியமா?

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை; சொன்னால் சிரித்திருப்பார். அவர் விசுவாசி. விடியற்காலையில் ஜெபமாலை சொல்லாமல் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகமாட்டார். இந்த வேதம் உங்களுக்கு என்ன கொடுத்தது ஐயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கும்பிடுறப்ப நிமிந்து நிக்கலாம்" என்றார். அப்புறம் அவராகவே கல்லறைப் பேச்சை எடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். சிலுவையில் எந்தப் பெயரைப் போடுவது என்று பிள்ளைகளுக்குள் பேச்சாம். கோயில் பெயரைப் போட்டால், அதைப் போட்டோ எடுத்து யாராவது தாசில்தாருக்கு அனுப்பிவிட்டால் பேரனின் சான்றிதழுக்குச் சிக்கல் வரும் என்று மூத்தவன் பயப்படுகிறான். வெறும் சிலுவையாக நட்டுவிடச் சொல்லிவிட்டேன் என்றார். பிறகு உள்ளே திரும்பி, எனக்குப் பலாச்சுளை கொண்டுவரச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார்.